பின்கதவுக்குப் பூட்டு

ஆடிட் என்று ஒரு சொல் காதில் விழுந்தால் போதும், எங்கள் கொட்டகை வரிசையில் எல்லோருக்கும் கை தானாகத் துடைப்பத்துக்குப் போகும். ஓசூர் தொழிற்பேட்டையில் எப்போதோ மூடிப்போன பெரிய ஆலை ஒன்றின் பின்பக்கக் கொட்டகைகளில் வாடகைக்கு இருந்த சின்னப் பட்டறைக்காரர்கள் நாங்கள். என் கொட்டகையில் ரப்பர் வேலை. வண்டிகளுக்குப் போகும் ரப்பர் வளையங்கள் கம்பெனி அச்சிலிருந்து வரும்போது ஓரமெல்லாம் பிசிறோடு வரும். அதைச் சின்னக் கத்தியால் வெட்டி எடுத்து, வளையங்களை மெஷினில் போட்டு உருட்டித் தூசி போக்கி, ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, பெட்டியில் அடுக்க வேண்டும். வேலை செய்தவர்கள் எல்லாம் பெண்கள். பாகலூர் பக்கத்திலிருந்து ஒரே பஸ்ஸில் வந்து, ஒரே பஸ்ஸில் திரும்புகிறவர்கள்.

மொத்தம் பதினோரு பேர். பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் நாலு பேருக்குத்தான், மற்றவர்கள் பேர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. எங்களுக்கு வேலை கொடுக்கும் கம்பெனியிலிருந்து ஆடிட்டுக்கு வரும் நாளில் தரையைக் கழுவி விடுவோம். வெட்டிப்போட்ட ரப்பரைச் சாக்கில் கட்டி மறைப்போம். மெஷினை நிறுத்தித் துடைத்துப் பளபளவென்று வைப்போம். நாலு பேர் தொப்பி போட்டுக்கொண்டு உட்காருவார்கள். மிச்சப்பேர் பின்கதவு வழியாக வெளியே போய், டீக்கடையில் கார் கிளம்பும்வரை காத்திருப்பார்கள். வரிசை முழுக்க இதே கதைதான். இதில் யாருக்கும் மனவருத்தம் இருப்பதாக எனக்குத் தோன்றியதே இல்லை.

பழைய ஆலையை இடித்துவிட்டு அந்த இடத்தில் அடுக்குமாடித் தொழிற்கூடம் கட்டப்போகிறார்கள் என்று செய்தி வந்தபோது முதலில் எங்களைக் காலி செய்யச் சொல்வார்கள் என்றுதான் நினைத்தோம். பிறகு தொழிற்பேட்டை ஆபீசில் கூட்டம் போட்டு விளக்கினார்கள். ஏற்கெனவே அங்கே தொழில் நடத்துகிறவர்களுக்குப் புதுக் கட்டடத்தில் குறைந்த வாடகையில் அறை உண்டு. நிஜமாகவே வேலை நடக்கிறதா என்று வந்து பார்ப்பார்கள். எத்தனை பேர் வேலை செய்கிறார்களோ அதைப் பொறுத்து இடம். அப்பாடா என்றிருந்தது. அந்த இடம் போய்விட்டால் சூளகிரிப் பக்கம்தான் கொட்டகை தேட வேண்டும். அவ்வளவு தூரம் பாகலூர்ப் பெண்கள் வந்து திரும்ப முடியாது. அவர்களுக்கு வேலை இல்லை, எனக்கு ஆள் இல்லை, அவ்வளவுதான்.

பார்க்க வருகிறார்கள் என்று தகவல் வந்த அன்று நாங்கள் செய்த காரியத்தை நினைத்தால் இன்றைக்கும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. வரிசையே சேர்ந்து தரையைக் கழுவியது. லேத்துப் பட்டறைக்காரர் இரும்புத்தூளை எல்லாம் கூட்டி அள்ளி, வாசலில் கோலம்கூடப் போட்டார். நான் மெஷினை நிறுத்தினேன். பின்கதவைத் திறந்துவிட்டேன். வந்தவர்கள் எட்டிப் பார்த்து, போட்டோ எடுத்து, ரொம்பச் சுத்தமாக வைத்திருக்கிறீர்கள் என்று பாராட்டிவிட்டுப் போனார்கள். நாங்கள் அவர்களுக்கு இளநீர் வேறு வெட்டிக் கொடுத்தோம்.

இரண்டு வாரம் கழித்து கேட்டில் நோட்டீஸ் ஒட்டினார்கள். எங்கள் வரிசைக்கு நேரே, 'செயல்பாட்டில் இல்லை' என்று போட்டிருந்தது.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆபீசுக்குப் போய், அன்று பார்க்க வந்த அதிகாரியைப் பிடி பிடியென்று பிடித்தேன். இத்தனை வருஷம் இங்கே கிடந்து உழைக்கிறோமே, உங்களுக்குக் கண் இல்லையா என்றெல்லாம் கேட்டுவிட்டேன். சின்ன வயசுக்காரர், பொறுமைசாலி. போனில் அன்றைய போட்டோவைத் திறந்து என் பக்கம் திருப்பினார். என் கொட்டகைதான். கண்ணாடி மாதிரித் தரை. ஓடாத மெஷின். முன்னால் ஒரு வளையம்கூட இல்லாமல் கையைக் கட்டிக்கொண்டு நாலு பெண்கள்.

"நீங்களே சொல்லுங்க மேடம், இதுல எங்க வேலை நடக்குது?"

கோபமெல்லாம் போய்க் கெஞ்சல் வந்துவிட்டது. இன்னும் ஒரே ஒரு தடவை வருகிறேன், எந்த நாள் என்று சொல்ல மாட்டேன் என்றார்.

அன்று சாயங்காலமே எல்லோரையும் உட்கார வைத்துச் சொன்னேன். கூட்டாதீர்கள், துடைக்காதீர்கள், யாரும் எங்கேயும் போகாதீர்கள். அந்த வாரம் பார்த்துக் கம்பெனியிலிருந்து லோடு கொஞ்சமாகத்தான் வந்தது. அவர் வரும் நேரம் கையில் வேலை இல்லாமல் போய்விடுமோ என்று பயந்து, மெதுவாக வெட்டுங்கள் என்றேன். தொழில் தொடங்கியதிலிருந்து என் வாயில் வராத வார்த்தை அது. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாசலில் கார் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்துபோய் எட்டிப் பார்த்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று பின்கதவுக்கு ஒரு பூட்டுப் போட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலை கார் வந்து நின்றது. கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டதுதான் தாமதம், ஏழு பேரும் எழுந்துவிட்டார்கள். வாரம் முழுக்கச் சொல்லி வைத்தும், கால் அதுபாட்டுக்கு நடக்கிறது. எல்லோருக்கும் முன்னால் போனவள், என்னிடம் வெகு நாளாக இருப்பவள். வீட்டில் தெலுங்கு, பஸ்ஸில் கன்னடம், எங்களிடம் தமிழ் என்று மூன்றையும் ஒரே மூச்சில் பேசுகிறவள். கையில் கத்தியோடு போய், பூட்டுக்கு முன்னால் நின்றாள். அதையே பார்த்தாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள்.

"வந்து உக்காருங்கடி," என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

வந்து உட்கார்ந்தார்கள். அதற்குள் அவர் உள்ளே வந்துவிட்டார். காலடியில் ரப்பர்ப் பிசிறு மிதிபட்டது. மெஷின் சத்தத்தில் அவர் கேட்பது எனக்குக் கேட்கவில்லை, நிறுத்தவும் பயம். பக்கத்தில் வந்து மறுபடி கேட்டார். மொத்தம் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்?

"நாலு பேருங்க சார்."

சத்தியமாக நான் யோசித்துச் சொல்லவில்லை. ஆபீசர் என்று யார் கேட்டாலும் இத்தனை வருஷமாகச் சொல்லிச் சொல்லி வாய் பழகிப்போன பதில். சொல்லி முடித்ததும்தான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. நாலு பேருக்கு அறையா கிடைக்கும், மூலையில் ஒரு மேஜை போட இடம் கிடைக்கும். அவர் எழுதப் போனார்.

"பதினோரு பேருங்க சார்."

அவள்தான். தலையை நிமிர்த்தாமல், கையிலிருந்த வளையத்தை வெட்டிக்கொண்டே சொன்னாள்.

"எண்ணிக்கோங்க. நானும் ஆளுதான்."

அவர் என் பக்கம் திரும்பினார். "மேடம், நாலா, பதினொண்ணா?"

பதினொன்று என்று நான் சொன்னால் அது எங்கெல்லாம் போகும் என்று எனக்குத் தெரியும். மிச்சப்பேருக்கும் பி.எஃப். கட்ட வேண்டும், கம்பெனிக்குப் பதில் சொல்ல வேண்டும், இத்தனை காலம் ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி வரும். எனக்கு அவள்மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. நல்லது செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு எல்லோர் முன்னாலும் முகத்தில் கரி பூசினால் வரும் ஆத்திரம். எல்லோரும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பதினொண்ணு," என்றேன்.

அவர் விரலை நீட்டி ஒவ்வொருவராக எண்ணினார். பேர் கேட்டார். பின்கதவு வழியாகப் போய் வந்தவர்கள் முதல்முறையாக ஒரு ஆபீசர் முன்னால் உட்கார்ந்த இடத்திலிருந்தே பேர் சொன்னார்கள். மெஷின் சத்தத்தில் ஒருத்தி இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. நான் போய் மெஷினோடு நின்றுகொண்டேன், முகத்தை யாருக்கும் காட்டப் பிடிக்காமல்.

அறை கிடைத்தது. பதினோரு பேருக்கும் பி.எஃப். பணம் கட்ட ஆரம்பித்ததில் எனக்கு நின்றது கொஞ்சம்தான். சில மாதம் அதை வாய்விட்டுப் புலம்பியிருக்கிறேன், அவள் காதில் விழும்படியாகவே. அவள் பாட்டுக்கு வளையத்தை வெட்டிக்கொண்டிருப்பாள்.

புதுக் கட்டடம் எழும்பியதும் எல்லோரும் அறையைப் பார்க்கப் போனோம். மூன்றாவது மாடி. பெயிண்ட் வாசனை இன்னும் போகவில்லை. மற்றவர்கள் ஜன்னலில் போய் நின்று பஸ் ஸ்டாப் தெரிகிறதா என்று பார்த்தார்கள். அவள் மட்டும் நேராக அறையின் பின்பக்கம் போனாள். அங்கே வெறும் சுவர். உள்ளங்கையை வைத்து அதை ஒரு தடவை தடவிப் பார்த்தாள்.

"அக்கா, இதுல பின்கதவே வெக்கலயே?"

"எதுக்கு?" என்றேன்.

அவள் யோசித்தாள். பிறகு சாப்பாட்டுப் பையை அந்தச் சுவரோரமாக வைத்துவிட்டு, ஜன்னலுக்குப் போனாள்.