அடையாறு சபையில் நான் தெரியாமல் எழுந்து நின்ற கதை

மயிலாப்பூர் கத்தோலிக்கக் கோயிலுக்கு முப்பது வருடமாகப் பூசைக்குப் போகிறேன். அங்கே பேசுவது பங்குச்சாமியார் வேலை, கொட்டாவியை அடக்குவது என் வேலை. போன ஞாயிறு அடையாறில் ஒரு ஜெபவீட்டுக்குப் போனது மகள் ரெஜினாவுக்காக. அவள் கட்டிக்கொண்டு போன வீட்டாரின் சபை அது. மாப்பிள்ளை வெளியூர் போயிருந்தார்.

சபைக்குச் சொல்லவேண்டிய வார்த்தை ஒன்று மூன்று வாரமாக அவள் மனதை அரித்துக்கொண்டிருந்தது. கடவுளே கொடுத்தது, தீர்க்கதரிசனம் என்றாள். ஆனால் அங்கே பெண்கள் கூட்டத்தில் பேசுவதில்லை.

"முக்காடு போட்டுக்கிட்டு தீர்க்கதரிசனம் சொல்லலாம்னு வேதத்துல ஒரு இடத்துல இருக்குப்பா. மூணு அதிகாரம் தள்ளி, சபையில பேசாதேன்னு இருக்கு."

"நடுவுல என்னம்மா சண்டை?" என்றேன். முறைத்தாள்.

காலை 8.10க்கு லஸ்ஸில் பஸ். ஐந்து கிலோமீட்டர், இருபத்தைந்து நிமிடம். பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம், எனக்குப் பத்து ரூபாய். இறங்கி ஆட்டோக்காரரிடம் வழி கேட்டேன். "பாட்டு பாடுற வூடா? பச்ச கேட்டு கீது பாரு நைனா, அதான். நடந்தே போ."

வாசலில் சபையை நடத்தும் மூப்பர் நின்றார். ரெஜினா அனுமதி கேட்டாள்.

"வீட்டுக்காரர்கிட்ட சொல்லும்மா. அவர் எழுந்து சொல்லட்டும்."

"அவர் ஊர்ல இல்லீங்களே ஐயா."

"வரட்டும், பாப்போம்."

எழுதி வந்த தாளை என் சட்டைப் பையில் திணித்துவிட்டு, பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்தாள். கண் கலங்கியிருந்தது. நான் ஆண்கள் பக்கம்.

ஒருவர் வேதம் வாசிக்க ஆரம்பித்தார். எங்கள் கோயிலில் நற்செய்தி வாசித்தால் எல்லோரும் எழுவோம். நானும் பழக்கதோஷத்தில் எழுந்தேன். மற்ற யாரும் எழவில்லை. வாசித்தவர் முடித்ததும், மொத்தக் கூடமும் என்னையே பார்த்தது.

"பிரதர், எழுந்தா பேசணும்," என்றார் பக்கத்திலிருந்தவர் மெதுவாக.

ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தியவனுக்கு இங்கே பேச உரிமை உண்டு. வேதத்தைக் கரைத்துக் குடித்த மகளுக்கு இல்லை! தாளை எடுத்தேன். எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்து.

"ரெஜி, என் கண்ணாடி உன் பையிலயாம்மா?"

கண்ணாடி வரவில்லை, அவள் குரல் வந்தது. "வாசலைத் திறந்து தாரும் என்று ஜெபிக்கிறீர்கள்..."

நான் திருப்பிச் சொன்னேன். இரண்டாவது வரியில் திக்கினேன். மூன்றாவதில் வெறுமனே வாயசைத்தேன். அவள் நிறுத்தவில்லை.

"தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்கிறது. எழுந்து போய்த் திறவுங்கள்."

பெண்கள் பக்கமிருந்துதான் முதல் ஆமென் வந்தது. மூப்பர் தொண்டையைச் செருமினார். "சகோதரர் மூலமா வந்த வார்த்தைக்காக ஸ்தோத்திரம்."

டீ குடிக்கும்போது என்னை ஓரமாகக் கூப்பிட்டார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "அடுத்த வாரமும் வாங்க," என்றார். "கண்ணாடியை வீட்லயே வெச்சுட்டு வாங்க."

போக நினைப்பவர்களுக்கு: கூட்டம் 9 மணிக்கு, செருப்பு வெளியே, ஆண்கள் யோசித்து எழுந்திருக்கவும். தீர்க்கதரிசனம் யாருக்கு வரும் என்பதில் கடவுள் ஆண், பெண் பார்க்கிற மாதிரி எனக்குத் தெரியவில்லை. திரும்பும் பஸ்ஸில், "பேரு உங்களுக்குப் போச்சேப்பா," என்று ரெஜினா குறைப்பட்டாள். அடுத்த நிறுத்தம் வருவதற்குள் பேனாவை எடுத்துவிட்டாள். இந்த முறை இரண்டு பக்கமாம். நான் நின்றால் மட்டும் போதுமாம்.