முன் மேஜை யாருக்கு?

மலேசியாவில், மெர்சிங் படகுத்துறைக்கு எதிரே நானும் என் கணவரும் தோசைக்கடை நடத்துகிறோம். தீவுகளுக்குப் போகும் சுற்றுப்பயணிகள் சிங்கப்பூரிலிருந்து வேன் வேனாக வந்து இறங்கத் தொடங்கியதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. முன் மேஜைகள் இரண்டையும் அவர்களுக்கென்றே ஒதுக்கிவிட்டேன். தினமும் காலையில் அங்கே உட்கார்ந்து சாப்பிடும் ஐஸ் லாரி ஓட்டுநர் செல்வம் அண்ணனிடமும் அவர் கூட்டாளிகளிடமும், "இன்னிக்கு மட்டும் தபாவ் பண்ணிக்குங்க அண்ணே, வேன் வருது" என்று பார்சல் பொட்டலத்தைக் கையில் திணித்தேன். அந்த 'இன்னிக்கு மட்டும்' மாதக்கணக்கில் நீண்டது. அவர் ஒருநாளும் முகம் சுளிக்கவில்லை. பிறகு வருவதையே நிறுத்திவிட்டார்.

மழைக்காலம் வந்தது. கடல் கொந்தளித்ததில் தீவுப் படகுகள் நின்றன. ஒரு வேன்கூட வரவில்லை. ஒரு வாரம் முழுக்கப் புளித்த மாவைக் கொட்டினேன். "கடைய மூடிடலாமா?" என்றார் கணவர்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நேராக ஐஸ் தொழிற்சாலை வாசலில் போய் நின்றேன்.

"தப்பு என்னுதுதான் அண்ணே. கடைக்கு வாங்க லா."

செல்வம் அண்ணன் சிரித்தார். "உக்கார இடம் இருக்காம்மா, இல்ல தபாவ்தானா?"

மறுநாள் ஆறு பேரோடு வந்து உட்கார்ந்தார்.

இப்போது வேன்கள் மறுபடியும் வருகின்றன. ஆனால் முன் மேஜைகள் வருஷம் முழுக்க ஊர்க்காரர்களுக்குத்தான். இடத்துக்காகக் காத்து நிற்கும் பயணிகள், உள்ளூர்க்காரர்கள் சாப்பிடும் கடை என்று செல்வம் அண்ணனையும் சேர்த்துப் படம் எடுக்கிறார்கள். அவரோ நிதானமாக இன்னொரு தோசை கேட்கிறார். நான் எழுப்ப மாட்டேன் என்று அவருக்குத் தெரியும்.