வாடை வராத குடி

பேக்கரியில் அவளை எல்லோரும் எழுத்தக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கேக் மேல் பெயர் எழுதுவது அவள் வேலை. க்ரீம் அடைத்த கூம்பைப் பிழிந்தபடி, கையெடுக்காமல் ஒரு பெயரை முழுதாக எழுதி முடிப்பாள். அந்தக் கைதான் இப்போது ஆடியது. புள்ளி ஒரு பக்கம் போனது, சுழி ஒரு பக்கம் போனது. கேக்கைத் திருப்பிக் கொண்டுவந்த ஒருவர், "கோழி கிளறின மாதிரி இருக்கு" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனார்.

முதலாளி அவளை அடுப்பறைக்குப் பின்னால் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "தப்பா நெனைக்காதீங்கக்கா. எதுவும் பழக்கம் வச்சிருக்கீங்களா?"

"என்ன பழக்கம்?"

"இல்ல, கை ஆடுதே, அதான்."

அவளுக்கு உச்சந்தலைக்குச் சுர்ரென்று ஏறியது. கூம்பை மேஜையில் அறைந்த வேகத்தில் முதலாளியின் சட்டையெல்லாம் ரோஸ் க்ரீம். "ஊதிக் காட்டட்டுமா?" என்று கேட்டாள். கேட்ட பிறகுதான் அவளுக்கே உறைத்தது. அது அவள் வீட்டு வார்த்தை.

அவள் அப்பா மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தவர். ஃபிரேமில் கடுகளவு ஸ்க்ரூவைப் பூட்டுகிற வேலை. நாற்பது தாண்டியதும் விரல் நடுங்க ஆரம்பித்தது, ஸ்க்ரூ தரையில் உருண்டது. குடி என்றார் கடைக்காரர். அம்மா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். சாயங்காலம் வாசலிலேயே நிறுத்தி, "ஊதுங்க" என்பாள். வாடை வராது. வராததுதான் வினையாகப் போயிற்று. "வாடை வராம குடிக்கக் கத்துக்கிட்டாரு, பலே ஆளு" என்று அக்கம்பக்கம் கேட்கச் சொன்னாள். இதற்கு மேல் ஒரு மனுஷன் எதைக் காட்டி நிரூபிப்பான், சொல்லுங்கள். ஒருநாள், சண்டை ஓய்ந்தால் போதும் என்று, "சரி, இனிமே குடிக்க மாட்டேன்" என்று சொல்லித் தொலைத்தார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். மறுநாளும் கை ஆடியது. குடிகாரன் பட்டத்தோடு, சொன்ன சொல் காப்பாற்றாதவன் என்ற பட்டமும் சேர்ந்தது. அம்மா அவர் துணிமணியைப் பையில் திணித்து வாசலில் வைத்தாள். அவரும் ஒரு டயர் கடையின் பின்னறையில் போய் ஒதுங்கினார்.

எழுத்தக்கா நரம்பு டாக்டரிடம் போனாள். வட்டம் போடச் சொன்னார், நேர்கோட்டில் நடக்கச் சொன்னார், ரத்தம் எடுத்து அனுப்பினார். முடிவு வந்ததும் உட்காரவைத்து விளக்கினார். பிபிபி2ஆர்2பி என்று ஒரு ஜீன். புரதத்தில் ஒட்டியிருக்கும் பாஸ்பேட்டைக் கழற்றிவிட உடம்பில் ஒரு நொதி இருக்கிறதாம். அது எங்கே போய் எதைக் கழற்ற வேண்டும் என்று அதை நடத்துகிற துணைப் புரதத்துக்கு இந்த ஜீன்தான் பொறுப்பு.

"அந்த ஜீன்ல மூணெழுத்துத் துணுக்கு ஒண்ணு அளவுக்கு மேல திரும்பத் திரும்ப வந்திருக்கு" என்றார் டாக்டர். "மொதல்ல கை ஆடும், போகப்போக நடையும் தள்ளாடும். அடியோட நிறுத்த மருந்தில்ல, நடுக்கத்தக் குறைக்கலாம். அம்மா, அப்பா யாருக்காவது கை ஆடுமா?"

"அப்பாவுக்கு."

"அப்போ அவர்கிட்டேருந்துதான் வந்திருக்கணும்."

வியாதி தனக்கு என்பதே அவள் மண்டையில் ஏறவில்லை. நேரே அம்மாவிடம் போனாள். அம்மா கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா குடிக்கவே இல்லம்மா. அது பரம்பரை வியாதி. எனக்கும் வந்திருக்கு."

அம்மாவின் கை நின்றது. பிறகு மறுபடி மடித்தது. "அவரே ஒத்துக்கிட்டாரேடி."

"நீ ஒத்துக்க வச்சே. வாய மோந்து மோந்து பாத்து வச்சே." அம்மா மடித்துவைத்திருந்த துணியையெல்லாம் அவள் வாரித் தரையில் எறிந்தாள். "நான் அவரக் கூட்டிட்டு வரப் போறேன். வாசல்ல நின்னு, தப்பு என் மேலன்னு நீ சொல்லணும்."

"இப்ப நான் அப்படிச் சொன்னா, இத்தன வருஷம் நான் பண்ணதுக்கு என்னடி பேரு?" அம்மா குனிந்து துணியைப் பொறுக்கினாள். "கூட்டிட்டு வா. மன்னிப்பு கின்னிப்புன்னு மட்டும் என்னக் கேக்காதே."

எரிச்சல் அடங்காமலே டயர் கடைக்குப் போனாள். ரப்பர் நெடி அடிக்கும் அறையில் அப்பா அரை டம்ளர் தண்ணீரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்துக்கொண்டிருந்தார். உட்காரக்கூட இல்லை அவள். வழியெல்லாம் சேர்த்துவைத்ததை ஒரே மூச்சில் கொட்டினாள்.

"நீங்க குடிக்கலப்பா. இது ஜீன்ல வர்ற வியாதி. டாக்டரே சொல்லிட்டாரு. அம்மாகிட்டயும் சொல்லியாச்சு. கிளம்புங்க."

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். "நான் குடிக்கலைன்னு எனக்குத் தெரியாதாம்மா?"

அவளுக்கு முகத்தில் அறைந்தாற்போல இருந்தது. இவருக்கு நல்ல சேதி கொண்டுவந்திருப்பதாக நினைத்துக்கொண்டல்லவா ஓடி வந்தாள்.

அப்பா கொஞ்சம் யோசித்தார். "அந்த டாக்டர் என்னப் பாத்ததே இல்லியே. அவருக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அவள் தன் கையைப் புடவைக்குள் மறைக்கப் பார்த்தாள். அப்பா அதைப் பிடித்து இழுத்தார். இரண்டு பேர் கையும் சேர்ந்து ஆடியது.

"அடப்பாவி" என்றார், யாரை என்று தெரியவில்லை. "நான் குடிகாரனாவே இருந்திருக்கக் கூடாதா? என்னோட போயிருக்குமே."