பரணில மட்டும் அடம்பிடிச்ச துவக்கு

துவக்குத் திருத்திற தொழிலில ஒரு வசதி இருக்கு: வாடிக்கையாளர் எவ்வளவு கோபத்தோட வந்தாலும், கையில இருக்கிறதை முதல் எங்களிட்டைத் தந்திட்டுத்தான் சண்டை பிடிக்கவேணும்.

"இது வேலை செய்யுதில்லை" எண்ட வசனத்தைக் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போன கடைக்காரரே, பட்டறைக்காரரே, என்ர சக பாவிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதிறன். எனக்கு ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில ஒரு துவக்குக் கடையின்ர, அதுதான் துப்பாக்கிக் கடையின்ர, பின்பட்டறையில வேலை. வேட்டைக்காரரும், குறிபாத்துச் சுடுற கிளப்காரரும்தான் எங்கட ஆக்கள். ஜெர்மன்காரர் சொன்னதையெல்லாம் என்ர யாழ்ப்பாணத் தமிழிலதான் தரப்போறன். அவையள் அப்பிடியோ கதைச்சவை எண்டு ஒருதரும் என்னோட சண்டைக்கு வரவேண்டாம்.

தம்பி எங்க வேலை?

எங்கட ஆக்களின்ர பிறந்தநாள் விழாக்களுக்குப் போனால் இந்தக் கேள்வியில இருந்து தப்பேலாது. "துவக்குத் திருத்திறன்" எண்டு சொன்ன உடன மேசையில கதை நிண்டுபோகும். றோல்ஸ் கடிச்ச வாய் கடிச்சபடி நிக்கும். அவையளைக் குறை சொல்லேலாது. நானும் முதன்முதல் பட்டறையில பரிசோதனை வெடி கேக்கேக்க, ஓடிப்போய்க் கழிவறையில கொஞ்சநேரம் இருந்தனான். இப்ப அந்தச் சத்தம் எனக்கு வேலைச் சத்தம். அப்பிடி மாறினதில எனக்குச் சந்தோசம்தான், அதை ஒளிக்க என்ன கிடக்கு?

ஒருக்கா பக்கத்தில இருந்த அக்கா ஒராள் என்னை மேலும் கீழும் பாத்திட்டு, கேக்கை ஆறுதலா விழுங்கிப்போட்டுச் சொன்னா: "அங்க சண்டைக்காலத்தில அதுக்குப் பயந்து ஓடிவந்தம், இஞ்ச நீ அதைக் கழட்டிப் பூட்டுறாய். கழட்டேக்க வடிவாக் கழட்டு தம்பி, பூட்டேக்க ரெண்டு புரியாணியை விட்டிடு."

புதுசைக் கழுவிறதோ?

போன கோடை முடியிற நேரம் ஃபிரவ் கெல்லர் எண்ட ஒரு அம்மா எங்களிட்டை ஒரு புது செமி ஓட்டோமெற்றிக் வேட்டைத் துவக்கு வாங்கினா. ஓய்வுபெற்ற பள்ளிக்கூட ரீச்சர். மணிக்கட்டில ஒப்பரேசன் செய்ததால, ஒவ்வொரு வெடிக்கும் கையால இழுத்துப் பூட்டிற பழைய துவக்கு அவவுக்கு ஏலாது. இது அப்பிடியில்லை, ஒரு வெடி வைச்சால் அடுத்த தோட்டாவைத் தானே உள்ள எடுத்துப் பூட்டும். சோளத் தோட்டத்துக்குப் பக்கத்தில அவவுக்கு மரத்தில ஏறியிருந்து சுட ஒரு பரண் இருக்கு. காட்டுப்பண்டி அந்தச் சோளத்தை உழுது தள்ளுது. கூட்டு வேட்டைக்காரர் ஹோர்ஸ்ட் அந்தப் பரணில கண் வைச்சிருக்கிறார். சோளம் வெட்டிறதுக்கு முன்னம் இவ ஒரு பண்டியாவது விழுத்தாவிட்டால், பரண் அவருக்கு எண்டு பேச்சு. "பரண் போனால் நான் வேட்டையையே விட்டிடுவன்" எண்டு வாங்கேக்கையே சொன்னவ.

கொஞ்ச நாளில துவக்கோட திரும்பி வந்தா. தோட்டா உள்ள போகுதில்லையாம், பாதி வழியில குறுக்க நிக்குதாம். திறந்து பாத்தால் தொழிற்சாலையில துருப்பிடிக்காமல் பூசி அனுப்பின கிறீஸ் அப்பிடியே கட்டியாக் கிடக்கு. துடைச்சு, அளவா எண்ணெய் விட்டு, புதுச் சட்டியைக் கழுவித்தானே அடுப்பில வைக்கிறது எண்டு விளங்கப்படுத்தினன். ரீச்சருக்குப் பாடம் எடுத்தால் என்ன நடக்கும்? கண்ணாடியைக் கீழ இறக்கிப்போட்டு என்னைப் பாத்தா. "புதுசெண்டு சொல்லித்தானே தந்தனீங்கள்? அழுக்கெண்டு சொல்லியிருந்தால் வீட்டிலயே கழுவியிருப்பன்."

டக்

அடுத்த முறை வேற வருத்தம். துவக்கு மகசினில இருந்து தோட்டாவை எடுக்குதே இல்லையாம். "போட்டுக் காட்டுங்கோ" எண்டன். மகசின் எண்டது தோட்டா அடுக்கிற கூடு, வேட்டைத் துவக்கில ரெண்டுதான் போகும், சின்னச் சாமான். அவ மருந்தில்லாத பயிற்சித் தோட்டாவைப் போட்டு, நித்திரை கொள்ளுற பிள்ளைக்குப் போர்வை போத்திற மாதிரி மகசினை மெல்லமா உள்ள வைச்சா. அது கொழுவவே இல்லை, தொங்கிக்கொண்டு நிண்டது. தொங்கிற மகசினில இருந்து தோட்டா எப்பிடி மேல வரும்? நான் வாங்கி அடியில ஒரு தட்டுத் தட்டினன். டக் எண்டு இறுகிச்சுது.

அவவின்ர முகம் சுருங்கிப்போச்சு. நான் அதைக் கவனிக்கிற ஆளோ? இன்னொரு நோய் தீந்தது எண்ட புளுகத்தில துள்ளிக்கொண்டு நிண்டன். அவ கேட்டது மட்டும் காதில விழுந்தது: "உவ்வளவு சத்தம் கட்டாயமோ?"

டிக்கெட்டை மூடுறது

மூண்டாம் முறை வந்த முறைப்பாடுதான் என்ர தலையைப் பிச்சுக்கொள்ள வைச்சது. பண்டி முன்னுக்கு நிக்க விசையை அமத்தியிருக்கிறா. "கிளிக்" எண்டதாம், வெடிக்கேல்லையாம். பண்டி நிமிந்து பாத்திட்டு நடந்து போச்சுதாம், ஓடக்கூட இல்லையாம்! அந்தத் தோட்டாவைப் பைக்குள்ள வைச்சுக் கொண்டு வந்தா. பின்பக்கத்தில ஊசி நுள்ளி விட்டமாதிரி ஒரு மெல்லிய அடையாளம். வேற பெட்டித் தோட்டாவும் போட்டுப் பாத்தாவாம், அதே கிளிக். சரியெண்டு தோட்டாவின்ர பின்பக்கத்தில குத்தி வெடிக்கவைக்கிற ஊசி, ஸ்பிரிங் எல்லாம் கழட்டிப் பாத்தன். ஒரு குறையும் இல்லை. நிலக்கீழ்ச் சுடுகூடத்தில நான் வைச்ச வெடி எல்லாம் பொரிமாதிரி வெடிச்சுது. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. கோதாரி விழுந்த சாமான், என்ர கையில நல்லபிள்ளை, அவவின்ர கையில விசரன்!

எங்கட மைஸ்டர், கடை முதலாளி, தொழிற்சாலைக்குத் திருப்பி அனுப்புவம் எண்டார். அனுப்பினால் சோளம் வெட்டி முடியத்தான் வரும். பரண் ஹோர்ஸ்டுக்கு. அந்த நேரம் பாத்துக் கார்த்திக் வந்து நிண்டான். கோயம்புத்தூர்ப் பெடியன், கார்க் கம்பனியில சொஃப்ட்வெயார் வேலை, கிளப்பில சுடுறவன். அவனிட்டையும் இதே துவக்குத்தான் இருக்கு. "என்னோடது ஒரு தடவைகூட ஸ்டக் ஆனதில்லண்ணா" எண்டு வெந்த புண்ணில வேலைப் பாய்ச்சினான். அவவின்ர துவக்கு எனக்கு முன்னால வேலை செய்யுது எண்டு சொன்னன். தலையை ஆட்டிப்போட்டுச் சொன்னான்: "கோளாறை ரீப்ரொட்யூஸ் பண்ண முடியலைன்னா எங்க ஆஃபீஸ்ல டிக்கெட்டை க்ளோஸ் பண்ணிடுவோம்ணா."

பரணில

முறைப்பாட்டைத்தான் அவன் டிக்கெட் எண்டவன். எனக்கு அதை மூட மனமில்லை. மைஸ்டரிட்டை ஒரு பின்னேரம் கேட்டு வாங்கிக்கொண்டு ஃபிரவ் கெல்லரோட காட்டுக்குப் போனன். அவவின்ர கட்டளைகள் கடுமை: வாசனை பூசக்கூடாது, கார்க்கதவை அடிச்சுச் சாத்தக்கூடாது, கைபேசி காரிலயே கிடக்கவேணும். வெற்றுத் துவக்கோட ஏணியில ஏறினம். பரணில ரெண்டு பேர் இருந்தால் மூண்டாவது ஆளா மூச்சுக்குக்கூட இடமில்லை. "வழமையா என்ன செய்வியளோ அதைச் செய்யுங்கோ, நான் இல்லையெண்டு நினையுங்கோ" எண்டு சொல்லி, பயிற்சித் தோட்டாவைக் குடுத்தன்.

மகசினை இப்ப சரியாக் கொழுவினா, துணியால பொத்திச் சத்தம் வராமல். பிறகு போல்ட்டை, அதுதான் தோட்டாவைத் தள்ளி உள்ள பூட்டிற இரும்பை, பின்னுக்கு இழுத்தா. நாங்கள் கடையில அதில இருந்து கையை எடுத்துவிடுவம். ஸ்பிரிங் அதைச் சடார் எண்டு முன்னுக்கு அடிச்சுப் பூட்டும். கார்த்திக்கும் கிளப்பில காதுமூடி போட்டுக்கொண்டு அதைத்தான் செய்வான். இவ விடேல்லை. பிடியைக் கையில வைச்சபடி, மூச்சுக் காட்டாமல், அங்குலம் அங்குலமா முன்னுக்குக் கொண்டுபோய் விட்டா. போல்ட் போச்சுது, ஆனால் கடைசி ஒரு மயிரிழை போகேல்லை. அந்த இடைவெளியோட விசையை அமத்தினால் ஊசிக்கு அடிக்கப் பலமில்லை. நுள்ளும், அவ்வளவுதான்.

நான் அந்த இடைவெளியைக் கையால காட்டினன். அவ பாத்தா. எனக்குச் சந்தோசத்தில கத்தவேணும் போல கிடந்தது, அடக்கிக்கொண்டன். அவ என்ர காதுக்குள்ள சொன்னா: "என்ர பழைய துவக்கை எல்லாக் காலமும் இப்பிடித்தான் பூட்டினனான். பண்டிக்குக் காது எங்களை விடப் பெரிசு, தெரியுமோ?"

சிவப்பு

தெரியும் அம்மா, ஆனால் செமி ஓட்டோமெற்றிக் துவக்குக்குக் காது இல்லையே! பழைய துவக்கை இவவின்ர கை கடைசிவரைக்கும் தள்ளிப் பூட்டும், இதுக்கு ஸ்பிரிங் அடிக்கவேணும். சத்தமா விடச் சொன்னால் இவ விடமாட்டா, விட்டாலும் பரணில நிம்மதியா இருக்கமாட்டா. அப்ப துவக்குக்கும் குறையில்லாமல், அவவின்ர பழக்கத்துக்கும் குறையில்லாமல் ஒண்டு செய்யவேணும். மெல்லமா விட்ட பிறகு உள்ளங்கையால பிடியை முன்னுக்கு ஒரு அமத்து அமத்திப் பூட்டப் பழக்கினன். ஒப்பரேசன் செய்யாத கையால. பூட்டினதோ இல்லையோ எண்டு அரையிருட்டில தெரியவேணுமே? போல்ட் முழுக்கப் பூட்டினால் மறையிற விளிம்பில சிவப்பா ஒரு பொட்டு வைச்சன். சிவப்புத் தெரிஞ்சால் இன்னும் அமத்து. தெரியாட்டி நீ ராணி.

அந்தச் சிவப்பு என்ர மனுசி வாசுகியின்ர நகப்பூச்சு. இரும்பில அதைப்போல ஒட்டுறது வேறை இல்லை. போத்தலைப் பட்டறையில இருந்து திருப்பிக் கொண்டுபோய்க் குடுத்தன். முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோய் மணந்து பாத்தா. "துவக்கு எண்ணெய் மணக்குது. இதை நீங்களே பூசிக்கொண்டு வேலைக்குப் போங்கோ, எனக்குப் புதுசு வாங்கித் தாங்கோ."

வெள்ளிக்கிழமை

பிறகு ஃபிரவ் கெல்லரிட்டை இருந்து ஒரு சத்தமும் இல்லை. சோளம் வெட்டிற மெசின்கள் றோட்டால போகத் தொடங்கிட்டுது. ஒவ்வொரு நாளும் வாசல் மணி அடிக்க நிமிந்து பாப்பன். மைஸ்டரும் நிமிந்து பாத்தார். எனக்கு நித்திரையிலும் அந்தக் கிளிக்தான் கேட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை காலமை வந்தா. கையில துவக்கு இல்லை. குளிர்ப்பெட்டி. உள்ள துண்டு துண்டாக் காட்டுப்பண்டி இறைச்சி, வடிவாப் பொதி பண்ணி, என்ர பேர் எழுதி. நன்றி சொல்ல வாயெடுத்தால் வந்தது வேற கதை: "இண்டைக்கு வெள்ளிக்கிழமை, எங்கட வீட்டில மச்ச மாமிசம் இல்லை." சொல்லிப்போட்டு நாக்கைக் கடிச்சன். அவ கோபிக்கேல்லை. குளிர்ப்பெட்டியை மேசையில ஓங்கி வைச்சா. அவ சத்தமா ஒண்டு செய்து நான் கண்டது அதுதான் முதல்தரம்.

"நாளைக்குச் சமையுங்கோ. வாற கிழமையும் கொண்டுவருவன், அதுக்கடுத்த கிழமையும் கொண்டுவருவன். ஹோர்ஸ்டுக்குச் சொல்லிட்டன், வேற மரம் பாக்கச் சொல்லி."

ஆகமொத்தம், எங்கட தொழிலில பாதி நோய் துவக்கில கிடக்கும், பாதி நோய் பிடிக்கிற கையில கிடக்கும், ஆனால் மரியாதைக்குப் பில்லைத் துவக்கின்ர பேரிலதான் எழுதவேணும்.