தனியாக மரம் ஏறப் போனவன்

அணில் என்ற பெயரை அவனுக்கு வைத்தது அக்கா புருஷன்தான். பாசத்தில் வைத்ததல்ல. மீசை முளைக்காத வயதில் அவனை ஒரு மரத்தில் ஏற்றிவிட்டார். பாதியில் கால் நடுங்கி நின்றவனை, கீழேயிருந்து கட்டையை வீசி அடித்து, "ஏறுடா அணிலு" என்று விரட்டினார். வலி தாங்காமல் உச்சிக்கே ஓடினான். அதோடு பெயர் ஒட்டிக்கொண்டது. கூட வேலை செய்தவர்களுக்கு அவனுடைய நிஜப் பெயர் தெரிந்ததே கல்யாணப் பத்திரிகையைப் பார்த்துத்தான்.

மாமாவுக்கு மரம் வெட்டும் காண்ட்ராக்ட். இரண்டு லாரி, அரை டஜன் ஆட்கள். கை நீளமான மனுஷன். திருடுகிற நீளமல்ல, அடிக்கிற நீளம். முடிச்சு தளர்ந்தால் பிடரியில் ஒன்று, அறுப்பு மெஷின் ஒரு இழுப்பில் கிளம்பாவிட்டால் கன்னத்தில் ஒன்று. வீட்டில் அக்காவுக்கும் அதே கைதான் என்பது அணிலுக்குத் தெரியும். தெரிந்தும் அவரிடம்தான் வேலை செய்தான். யார் கேட்டாலும், கதவில் இடித்துக்கொண்டதாகச் சொல்வாள் அக்கா. ஒரு வீட்டில் எத்தனை கதவுதான் இருக்கும் என்று அணிலின் மனைவி ஒருநாள் அவனைக் கேட்டாள். அவன் பேச்சை மாற்றினான்.

ஒரு காலையில், பட்டறையில் அறுப்பு மெஷினின் சங்கிலி அறுந்து தெறித்தது. அணில் அதை இறுக்காமல் விட்டதுதான் காரணம் என்று மாமா கையை ஓங்கினார். அணில் ஒரு அடி பின்னால் நகர்ந்தான்.

"நாளைலேர்ந்து நான் தனியாப் பாத்துக்கறேன் மாமா."

குத்து வாயில் விழுந்தது. இரண்டு பற்கள் கையில் வந்தன. அவற்றை ஒரு தரம் பார்த்துவிட்டு மரத்தூளில் எறிந்தான். சுவரில் தொங்கிய தன் இடுப்புப் பட்டையையும் கயிற்றையும் எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான். மாமா அதற்குள் துணியால் விரல் முட்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நான் கத்துக்குடுத்ததை வெச்சு எனக்கே எதிரா நிப்பியா? ஒரு மரத்துலேர்ந்தும் உன்னை உசுரோட இறங்க விடமாட்டேன்" என்றார், குரலை உயர்த்தாமலேயே.

அணிலின் மனைவி அதுவரை ஒரு சலவைக் கடையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். வாட்டசாட்டமானவள், புருஷனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டே போகலாம் என்று கடையில் கேலி செய்வார்கள். வீங்கிய வாயோடு வந்து நின்றவனைப் பார்த்ததும் அவள் வேலையை விட்டாள். நீ மேலே ஏறு, கயிற்றை நான் பிடிக்கிறேன், வேறு எவனையும் நம்பாதே என்று சொல்லிவிட்டாள்.

முதலில் புல் வெட்டுவதும் வேலிச்செடி கத்தரிப்பதும்தான் கிடைத்தது. வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு நர்ஸம்மா தன் ரோஜாச் செடிகளை அவர்களிடம் ஒப்படைத்தார். செடிகள் மொட்டுவிட்டு நின்றபோது, ஒரு காலையில் எல்லாம் வேரோடு வெட்டிப் போடப்பட்டிருந்தன. இன்னொரு வீட்டுப் புல்வெளி களைக்கொல்லி ஊற்றிக் கருகிக் கிடந்தது. பிறகு, பட்டப்பகலில், மாமாவின் ஆட்கள் இருவர் அணிலைச் சந்துக்குள் இழுத்துப் போட்டு மிதித்தார்கள். விலா எலும்பு விரிசல் விட்டுப்போயிற்று. போலீசுக்குப் போகலாம் என்றாள் மனைவி. அக்கா வாழ்கிற வீடாயிற்றே என்று அவன் மழுப்பினான்.

"உங்கக்கா வீடு நம்ம விலா எலும்பு மேலதான் நிக்கணுமா?" என்றாள். இருந்தாலும் அவன் மார்பைச் சுற்றித் துணியை இறுக்கிக் கட்டிவிட்டாள். மறுநாளும் இருவரும் வேலைக்குப் போனார்கள்.

பெரிய மர வேலை என்று முதலில் வந்தது ஒரு தையற்கூடத்தில். தகரக் கூரையின் மேல் சாய்ந்திருந்த தூங்குமூஞ்சி மரத்தைக் கிளை கிளையாகக் கழிக்க வேண்டும். கூரைக்கு அடியில் பெண்கள் தைத்துக்கொண்டிருந்தார்கள். அணில் நடுமரத்தோடு தன்னைக் கட்டிக்கொண்டு, ஆள் பருமனான ஒரு கிளையை அறுத்துத் தொங்கவிட்டான். அதன் பாரம் முழுவதும் மனைவியின் கையிலிருந்த கயிற்றில். பக்கத்துத் தூணில் இரண்டு சுற்றுச் சுற்றி, குதிகாலை ஊன்றி அவள் பிடித்திருந்தாள்.

அப்போதுதான் மாமா வந்தார். கையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. யாரையும் பார்க்காமல் நேரே அடிமரத்துக்குப் போய் மெஷினின் பல்லை வைத்தார். மேலே இருந்த அணிலின் உள்ளங்கால் வரை மரம் அதிர்ந்தது. மனைவி கத்தினாள், ஆனால் கயிற்றை விட முடியாது. விட்டால் கிளை கூரையைப் பிளந்துகொண்டு உள்ளே போகும்.

"எல்லாரும் வெளிய ஓடுங்க!" என்று மேலேயிருந்து அலறினான் அணில்.

பெண்கள் துணிகளை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். கடைசிப் பெண் வாசலைத் தாண்டியதும் மனைவி கயிற்றை விட்டாள். கிளை இறங்கித் தகரத்தைக் கிழித்தது. அந்தச் சத்தம் அடங்குவதற்குள் அவள் ஒரு கட்டையை எடுத்து மாமாவின் முதுகில் போட்டாள். அவர் மெஷினோடு திரும்பினார். ஓடும் சங்கிலி அவள் முன்கையைப் பிளந்துவிட்டது.

அணில் எப்படி இறங்கினான் என்று அவனுக்கே தெரியாது. உள்ளங்கைத் தோல் முழுக்க மரத்திலேயே தங்கிவிட்டது. தலையால் முட்டி மாமாவைச் சாய்த்தான். மெஷின் எகிறி விழுந்து அணைந்தது. பக்கத்தில் கிடந்த பெட்ரோல் கேனை எடுத்து முகத்தில் அறைந்தான். தாடை உடைந்த சத்தம் கேட்டது. மறுபடியும் அறைந்தான். அவன் வாயிலிருந்து கொட்டிய வசவு ஒவ்வொன்றும் மாமாவுடையது. மாமா கையைத் தூக்கவில்லை, ஆனாலும் அவன் நிறுத்தவில்லை. அது அவனுக்கு இனித்தது. பின்னாளில் இதை மனைவியிடம் மட்டும்தான் சொன்னான்.

"போதும். எனக்கு ரத்தம் போகுது. என்னைப் பாரு" என்றாள் அவள், தரையில் உட்கார்ந்தபடி.

அவளைப் பார்த்த பிறகுதான் கேன் கையிலிருந்து விழுந்தது.

மாமாவுக்குத் தாடையைக் கம்பியால் கட்டினார்கள். ஒரு கண் போயிற்று. மனைவியின் கையைத் தைத்தார்கள். இரண்டு விரல்கள் மடங்க மறுத்தன. அணிலைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போனது. தையல் பெண்கள் ஒருவர் விடாமல் ஸ்டேஷனுக்கு வந்து, கண்ணால் பார்த்ததைச் சொன்னதால் சில நாட்களில் வெளியே வந்தான். இரு பக்கமும் வழக்கு நடந்து, இழுத்தடித்து, ஓய்ந்தது.

அவன் வெளியே வந்த கொஞ்ச நாளில் அக்கா அவர்களுடைய ஒற்றை அறைக்கு ஒரு பையோடு வந்தாள். திட்டப்போகிறாள் என்று அணில் தலையைக் குனிந்துகொண்டான். அவள் பாயில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள்.

"மூஞ்சியில அடிச்சிருக்கே. அந்தக் கையை உடைக்காம விட்டுட்டியேடா" என்றாள்.

ரவிக்கைக் கையைச் சற்று மேலே தள்ளிக் காட்டினாள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்றே, கஞ்சி சூடு என்று, பேச முடியாத வாயோடு மாமா அடித்திருந்தார். அணில் எழுந்துவிட்டான்.

"உக்காரு. நீ போக வேணாம். நானும் திரும்பிப் போகப் போறதில்லை."

அரைகுறையாக அறுபட்டு நின்ற தூங்குமூஞ்சி மரத்தை யாராவது சாய்த்தே ஆக வேண்டும். தையற்கூடத்துக்காரர் வேறு ஆளைத் தேடவில்லை; உடைந்த கூரையை மாற்றிக்கொடுத்துவிட்டு வேலையை முடிக்கச் சொன்னார். மனைவியின் கையில் இன்னும் கட்டு இருந்தது. அதனால் அணில் மேலே ஏற, அக்கா கயிற்றைப் பிடித்தாள். எப்போது இறுக்க வேண்டும், எப்போது நழுவ விட வேண்டும் என்று மனைவி பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தாள். முதல் கிளை இறங்கியபோது அக்காவையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போயிற்று. முட்டி தேய்ந்து எழுந்தவள், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, அடுத்ததை விடுடா என்றாள். சாயங்காலத்துக்குள் அடிமரம் காலிமனைப் பக்கம் விழுந்தது. தூசி அடங்குகிற வரை மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு அக்கா துடைப்பத்தை எடுத்து இலையைக் கூட்ட ஆரம்பித்தாள்.