அவசரத்தின் தயிர் கெட்டியான கதை

எங்கள் பால் ஆலையில் தயிர்ப் பிரிவு ஆபரேட்டருக்கு 'அவசரம்' என்று பெயர் வைத்தவன் நான்தான். பஸ் நிற்கும் முன்னே குதிப்பான். சினிமாவில் வில்லன் சாகும் முன்னே வண்டி எடுக்கப் போய்விடுவான். தொலையட்டும், பாலிலுமா? ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்காதாம். இவனுக்கு ஆக்கவே பொறுக்காது. காய்ச்சும் தொட்டியில் சூடு காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டதுமே நீராவியை மூடிவிடுவான். மறுநாள் தயிர்க் கப்பைத் திறந்தால் மேலே தண்ணீர், கீழே கூழ். அடைத்து அனுப்பிய பாவத்துக்குக் கடைக்காரர்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்வது நான்.

ஒருநாள் லேப் மேடம் அவனைக் கூப்பிட்டார்.

"சூடு ஏறினா மட்டும் போதாதுங்க. அதே சூட்டுல பால் கொஞ்ச நேரம் நிக்கணும். அப்பதான் அதுல இருக்கிற புரதம் பிரிஞ்சு, ஒண்ணோட ஒண்ணு பிடிச்சுக்கிட்டு, தண்ணிய வெளிய விடாது. இன்னொரு புகார் வந்துச்சு, உங்கள பால் பெட்டி கழுவ அனுப்பிடுவேன்."

பெட்டி கழுவுவது என்றால் நாள் முழுக்கக் குனிந்த இடுப்பு. அவன் முகம் செத்துவிட்டது. ஆனாலும் நம்பினானா? "எல்லாம் உறைமோருலதான்டா இருக்கு. எங்க வீட்டுத் தயிர கத்தி போட்டு வெட்டலாம்" என்று மனைவியின் உறைமோரை டப்பாவில் கொண்டுவந்து, தன் பாலில் கொஞ்சம் எடுத்து ஊற்றிப் பார்த்தான். மறுநாள் அதுவும் பல்லை இளித்தது.

அன்று சாயங்காலம் என்னையும் வீட்டுக்கு இழுத்துப் போனான். அவன் மனைவி அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் தங்கையோடு போனில் இருந்தாள். பால் பொங்கி வந்தது. தீயைக் குறைத்தாள், பேச்சைக் குறைக்கவில்லை. "ஐயையோ! அதுக்கு உன் மாமியார் என்னடி சொன்னாங்க?" பால் தளதளவென்று கொதித்துக்கொண்டே இருந்தது.

"கேஸ் வீணாகுதுடி!" என்று கத்த வாயைத் திறந்தவன் அப்படியே நின்றான்.

"டேய், மேடம் சொன்னது இதத்தான்டா!"

"அப்ப நாளைக்குக் கடிகாரத்தப் பாத்துக்கிட்டு நில்லு."

"அது முடிஞ்சா நான் ஏன்டா இப்படி இருக்கேன்?"

மறுநாள் முள் கோட்டைத் தொட்டது. நீராவி வால்வுக்குப் போன கை பாதியில் திரும்பிப் போனை எடுத்தது. யாருக்கு? கொழுந்தியாளுக்கு. கல்யாணமான நாளிலிருந்து அவள் குரல் கேட்டாலே கொல்லைப்பக்கம் ஓடுகிறவன்.

"என்னம்மா, உன் மாமியார் எப்படி இருக்காங்க?"

"மாமா! நீங்களா? இருங்க, மொதல்லேர்ந்து சொல்றேன்."

சொன்னாள். அவன் காலை மாற்றி மாற்றி நின்றான், தலையைப் பிய்த்துக்கொண்டான், "வச்சிரட்டுமாம்மா?" என்று கெஞ்சினான். அவள் விட்டால்தானே? அவள் முடித்த பிறகுதான் நீராவியை மூடினான். எனக்கே பாவமாக இருந்தது.

மறுநாள் அந்தத் தயிர்க் கப்பைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். விழவில்லை! மேடம் ஸ்பூனை நட்டுப் பார்த்தார், அசையவில்லை.

"பிரமாதம்! இதே மாதிரி தினமும் செய்யுங்க."

"தினமுமா?"

அவன் என்னைப் பார்த்தான், போனைப் பார்த்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

"மேடம், அந்தப் பெட்டி கழுவுற எடம் இன்னும் காலியாத்தான் இருக்கா?"