மாமா கையில் அடுக்கிய பீங்கான்கள்

வெளிநாட்டில் உல்லாசக் கப்பல்கள் ஓடவிட்டுப் பெரிய முதலாளியான என் தாய்மாமன் எங்கள் ஊரான பண்டத்தரிப்புக்கு வந்தது, சண்டை கொஞ்சம் ஓய்ந்திருந்த ஒரு ஆனி மாதத்தில். எனக்கு எட்டு வயதிருக்கும். அதற்கு முன்பே எங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட்டுக் கொடுத்தவர், கோயில் கிணற்றைக் கட்டிக் கொடுத்தவர். ஆளைத்தான் நான் கண்டதில்லை. வந்ததும் வராததுமாய், "பிள்ளையாருக்கு ஒரு அன்னதானம் செய்யவேணும், தங்கச்சி" என்று அம்மாவிடம் சொன்னார்.

செய்தார். ஆனால் கப்பலில் செய்கிற மாதிரிச் செய்தார். கோயில் மடத்துக்குள் நீட்டு மேசைகள், மேலே வெள்ளைத் துணி, சோறு கறிகளுக்குப் பக்கத்தில் அடுக்கடுக்காய்ச் சாப்பாட்டுப் பீங்கான்கள். வாழையிலை ஒன்றுகூட வெட்டவில்லை. பப்பாப்பழத்தைச் செதுக்கி ஒரு அன்னப்பறவை செய்து நடுவில் வைத்திருந்தார். அதைவிட்டு அசைய எனக்கு மனமில்லை.

பூசை முடிந்து சனம் வந்தது. பார்த்தது. அப்படியே நின்றது.

"வடிவாய்த்தான் கிடக்கு மச்சான். ஆர் பரிமாறுறது?" என்று கேட்டார், கோயில் காரியம் பார்க்கிற பெரியப்பா.

"விருப்பமானதை நீங்களே எடுக்கலாம், அத்தான்."

"நாங்களே அள்ளித் தின்னவோ? வீட்டிலை சோறில்லாமலே வந்தனாங்கள்?"

"உவர் எங்களையும் வெள்ளைக்காரர் ஆக்கப் பாக்கிறார்" என்று பின்னாலிருந்து ஒரு பெண் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். இரண்டு பேர் சைக்கிளையும் எடுத்துவிட்டார்கள்.

எங்கள் பக்கத்தில் அன்னதானம் என்றால் சனம் பந்தியில் இருக்கும், கொடுக்கிறவர் குனிந்து பரிமாறவேண்டும். சனம் சாப்பிடாமல் திரும்பினால் பிள்ளையார் அதை ஏற்கவில்லை என்றுதான் அர்த்தம். அம்மாவின் முகம் கறுத்துப்போயிற்று.

"அண்ணை, போகினம். ஏதும் செய்யுங்கோ!"

மாமா சால்வையை இடுப்பில் இறுக்கிக் கட்டினார். "எல்லாரும் இருங்கோ" என்றார். சோறும் கறியும் போட்ட பீங்கான்களை இடது உள்ளங்கையிலிருந்து முழங்கை வரை அடுக்கினார். ஐந்து! பிள்ளையார் சாட்சியாகச் சொல்கிறேன், ஒரு சொட்டுக் குழம்பு சிந்தவில்லை. ஓட்டமும் நடையுமாய்ப் போய் ஒவ்வொருவர் முன்னும் குனிந்து வைத்தார். சைக்கிள்காரரும் திரும்பி வந்து இருந்தார்கள்.

"உந்த வித்தையை எங்கை பழகினனீ, மச்சான்?" பெரியப்பா வாயைப் பிளந்தார்.

"கப்பலிலைதான் அத்தான். முந்திக் கனகாலம் உதுதானே என்ரை வேலை."

சாப்பிட்டு முடிய, யாரும் தடுப்பதற்குள் எச்சில் பீங்கான்களையும் அதேபோல் அடுக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். "ஐயோ, அதை வையுங்கோ அண்ணை!" என்று பின்னால் ஓடிய அம்மா, பாதிவழியில் நின்று சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். தன் அண்ணை கப்பலில் பெரிய உத்தியோகமாய்ப் போனவர் என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தவர் அவர். அப்படித்தான் நம்பியுமிருந்தார்.

எனக்கோ பெருமை தாங்கவில்லை. அடுத்தநாள் காலை முற்றத்தில் சிரட்டைகளைக் கையில் அடுக்கிக்கொண்டு, "இஞ்சை பாருங்கோ அம்மா, மாமா மாதிரி!" என்று நடந்து காட்டினேன். அம்மா பளாரென்று அடித்தார். ஒருநாளும் என்மேல் கைநீட்டாதவர். அடித்த கையாலேயே என்னை இழுத்து அணைத்து, குலுங்கிக் குலுங்கி அழுதார். சிரட்டைகள் கீழே விழுந்து உடைந்ததற்காக்கும் என்று நினைத்து, "அழாதேங்கோ அம்மா, அடுப்படியிலை இன்னும் சிரட்டை கிடக்கு" என்று நான் ஆறுதல் சொன்னேன்.